தோட்டா மீள்நிரப்பு அழுத்தி

தோட்டா மீள்நிரப்பு அழுத்தி என்பது, ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய எரிமூட்டியும் வெடிமருந்தும் குண்டும் சேர்த்து மீண்டும் தோட்டாவாக்க உதவும் நெம்புகோல் பொறி ஆகும். பெரும்பாலானவை கையால் இயக்கப்படுபவை. மேசை விளிம்பில் பொருத்தத்தக்க அளவே உடையவை. ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலான வீட்டுப் பட்டறைக் கருவி. அங்குள்ள பயனர்கள் விலைக்கு வாங்கிய அழுத்தியைத் தம் கையாலேயே திருத்தி மேம்படுத்திக் கொள்வதும் வழக்கம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கு இப்பொறியே சட்டத்தின் கண்ணில் வெடிபொருளுக்குள் அடங்குகின்றது.

பழனி மலைகள் போன்ற தென்னிந்திய மலைப்பகுதிகளின் வேட்டை வரலாற்றையும், இன்று அங்கே பயிர்க் காவலுக்கு உரிமம் பெறத்தக்க துப்பாக்கிகளையும் புரிந்துகொள்ள இப்பொறியின் கதை உதவும்.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது. உறை, அதன் அடிப்பகுதியில் பொருந்தும் எரிமூட்டி, உள்ளே நிறையும் வெடிமருந்து, வாயில் செருகப்படும் குண்டு என்பன அவை. எரிமூட்டியை ஆங்கில வழக்கையொட்டிப் பிரைமர் என்றும், அதன் முன்னோடியான பழைய வகையைக் கேப்பு என்றும் மக்கள் சொல்வர். துப்பாக்கியின் ஊசி எரிமூட்டியில் மோதும்போது தோன்றும் தீப்பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கின்றது. அதன் வளிமங்கள் குண்டை முன்னே தள்ளுகின்றன.

இந்நான்கில் உறை ஒன்றே சுட்டபின்பும் எஞ்சுவது. விலை கூடியதும் பெரும்பாலும் அதுவே. ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் அது செய்யப்படுகின்றது. வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரை அடைத்துக்கொள்வதும், அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளிவருவதும் இக்கலவையின் இயல்பு. அவ்வாறு வெளிவரும் உறை முன்னிருந்ததைவிடச் சிறிது பருத்திருக்கும். அதனைப் பழைய அளவுக்கு ஒடுக்குவதே அழுத்தியின் முதல் வேலை.

இப்பித்தளைக்கு ஒரு விந்தையான குறையும் உண்டு. பிரித்தானியர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் தொடப்படாமலேயே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றில் கலந்து, உருவாக்கும்போது பித்தளையில் தங்கிவிட்ட உள் இறுக்கத்தைப் பிளவாக மாற்றியதே காரணம் என்பது 1921 இல் விளக்கப்பட்டது. உறையை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தை நீக்கினால் இக்கேடு வராது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய பரணில் பழைய தோட்டாக்களைப் போட்டு வைப்பது ஏன் தவறு என்பதற்கு இதுவே விடை.

இயங்கும் முறை

அழுத்தியின் உடல் வார்ப்பிரும்பு அல்லது அலுமினியக் கலவையால் ஆன சட்டம் ஆகும். சட்டத்தின் நடுவே மேலும் கீழும் செல்லும் உந்துதண்டு ஒன்று உண்டு. தண்டின் தலையிலுள்ள பிடிப்பியில் உறையின் அடிவிளிம்பு செருகப்படும். சட்டத்தின் மேற்பகுதியில், பட்டறைகளில் டை எனப்படும் எஃகு அச்சு திருகிப் பொருத்தப்படும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் தண்டு மேலேறி உறையை அச்சுக்குள் தள்ளும்.

இங்கே கவனிக்கத்தக்கது கைப்பிடிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பு. அது முழங்கை போல மடங்கி நிமிர்வது. மடங்கியிருக்கும்போது தண்டு விரைவாக நகரும், விசை குறைவு. நேராக நிமிரும் தறுவாயில் தண்டு மிக மெல்ல நகரும், விசையோ பன்மடங்கு பெருகும். உறையை ஒடுக்க மிகுந்த விசை தேவைப்படுவதும் அந்தக் கடைசி இழுப்பில்தான். பழைய கை அச்சுப்பொறிகள் சிலவற்றிலும் இதே முழங்கை இணைப்பு உண்டு.

ஓர் உறை பல அச்சுகளைக் கடந்தே தோட்டாவாகின்றது. முதல் அச்சு பழைய எரிமூட்டியை ஊசியால் வெளித்தள்ளி உறையை ஒடுக்கும். பின்னர்ப் புதிய எரிமூட்டி பொருத்தி, நிறுத்த அளவில் மருந்து இட்டு, இறுதி அச்சில் குண்டு செருகப்படும். இவற்றை ஒரே ஓர் அச்சுத் துளையில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிச் செய்வது ஒற்றைநிலை அழுத்தி. பல அச்சுகளைச் சுழலும் தலையில் தாங்குவது சுழல்தலை அழுத்தி. உறைகள் தாமே ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளிவருவது தொடர்நிலை அழுத்தி.

அச்சுகளின் வெளிமரை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரியும் கொண்டதாகப் பெரும்பாலும் ஒரே சீராக அமைந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் அச்சை வேறொரு நிறுவனத்தின் அழுத்தியில் பொருத்த முடிவதும், கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் தமக்கு வேண்டிய துணைக்கருவியைத் தாமே செய்துகொள்ள முடிவதும் இச்சீர்மையால்தான். பயனர்கள் செய்யும் மேம்பாடுகளுக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டது இந்தச் சாதாரண மரை எனலாம்.

வரலாறு

மீள்நிரப்பல் தோட்டாவோடு பிறந்த பழக்கம். 1866 இல் இரண்டு எரிமூட்டி வடிவங்கள் காப்புரிமை பெற்றன. ஒன்று ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்ட் பாக்சருடையது. மற்றது அமெரிக்கரான ஹைரம் பெர்டானுடையது. பாக்சர் முறையில் உறையின் அடி நடுவே ஒரே துளை இருக்கும். ஆகவே நேரான ஊசி ஒன்றினாலேயே பழைய எரிமூட்டியைத் தள்ளிவிடலாம். பெர்டான் முறையில் நடுவே ஒரு சிறு முளையும் பக்கத்துக்கொன்றாகத் துளைகளும் இருப்பதால் ஊசி நுழையாது. காலப்போக்கில் ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் கண்டுபிடிப்பு ஐரோப்பாவிலும் வேரூன்றியது. அமெரிக்காவில் மீள்நிரப்பல் செழித்ததற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம்.

தொடக்ககாலக் கருவிகள் அழுத்திகள் அல்ல; பாக்குவெட்டி போன்ற இரட்டைக் கைப்பிடி இடுக்கிகள். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ 1884 இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இவற்றைப் பெருமளவில் செய்தது. 1925 இல் அதனை லைமன் நிறுவனம் வாங்கியது. 1943 இல் கலிபோர்னியாவின் ஓரவில் நகரில் ஃபிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் கனத்த மேசை அழுத்திகள் பிற்காலத்தில் இத்துறைக்கு முன்மாதிரியாயின. 1958 இல் ரிச்சர்ட் லீ வெளியிட்ட கருவிக்கு அழுத்தியே தேவையில்லை. சிறு சுத்தியல் போதும்.

பயனர் செய்த மேம்பாடு ஒரு தொழிலாகவே வளர்ந்ததற்கு டில்லன் நிறுவனம் எடுத்துக்காட்டு. வானூர்தி ஓட்டுநராயிருந்த மைக் டில்லன், கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கென அமைந்த ஸ்டார் அழுத்தியை நீள்துப்பாக்கித் தோட்டாவுக்கும் உதவுமாறு மாற்றியமைக்கும் உறுப்புகளைச் செய்து விற்றார். பின்னர்த் தாமே தொடர்நிலை அழுத்திகளை உருவாக்கினார்.

பழனி மலைகளில்

பழனி மலைகளில் ஐரோப்பியக் குடியிருப்பு 1845 இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் வீடு கட்டியதிலிருந்து தொடங்குகின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் இம்மலைகளில் வேட்டையாடி அவற்றைப் பற்றி எழுதியவர்களுள் முதன்மையானவர் சென்னைப் படைப்பிரிவின் அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன். பேரிஜம் ஏரிக்கு அருகிலுள்ள ஹாமில்டன் கோட்டை என்னும் இடம் இவர் பெயரைத் தாங்கியது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் தாம் ஆடிய வேட்டைகளை இவர் குறித்து வைத்த நூல் 1892 இல் இலண்டனில் வெளியானது. அக்கால வேட்டைக்காரர்கள் வரையாட்டை ஐபெக்ஸ் என்றே தவறாக அழைத்தனர்.

ஹாமில்டனின் படைப்பணிக் காலம் துப்பாக்கியின் அமைப்பே மாறிய காலம். அவர் பணியில் சேர்ந்த 1837 இல் குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு இடிக்கும் துப்பாக்கிகளே பொதுவழக்கு. அவர் ஓய்வுபெற்ற 1871 அளவில் பின்புறம் திறந்து தோட்டா செருகும் துப்பாக்கிகள் பரவிவிட்டன. வாய்வழித் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒவ்வொரு வெடிக்கும் தாமே நிரப்புநர். தோட்டா வந்தபின் அந்த வேலை தொழிற்சாலைக்குப் போனது. மீள்நிரப்பு கருவி அதனை மறுபடி வேட்டைக்காரரின் மேசைக்குக் கொண்டுவந்தது.

மலைமேல் அதன் தேவை சமவெளியைவிடக் கூடுதல். மதுரைக்குத் தொடருந்து வந்தது 1875 இல். அதன்பின்பும் அம்மையநாயக்கனூரிலுள்ள கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து நடந்தோ மட்டக்குதிரையிலோ சுமையாட்களோடு ஏறவேண்டும். மோட்டார் வண்டி ஏறத்தக்க பாதை அமைந்தது 1910களில்தான். இங்கிலாந்தின் ஈலி, கைனாக் நிறுவனங்களின் தோட்டாப் பெட்டிகள் அத்தனை தொலைவும் கடந்து வரவேண்டியிருந்த நிலையில், வெற்றுறையை எறிவது வீண்செலவாகவே தோன்றியிருக்கும்.

மலையின் தட்பவெப்பம் இன்னொரு சிக்கல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் மூடுபனியுமே. அன்றைய வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களுக்குத் தாளால் ஆன உறையும் உண்டு. ஈரம் ஏறினால் தாள் உப்பித் துப்பாக்கி அறைக்குள் நுழையாது. பித்தளை உறைக்கு அத்தொல்லை இல்லை. அதனைத் திரும்பத் திரும்ப நிரப்பவும் முடிந்தது.

புகையற்ற மருந்து வந்தபோது வெப்பநிலையும் கணக்கில் சேர்ந்தது. 1889 இல் உருவாக்கப்பட்டு, பின்னர் நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட கார்டைட் மருந்து, வெப்பம் கூடினால் கூடிய அழுத்தத்தைத் தருவது. இங்கிலாந்தின் குளிருக்கு அளந்த தோட்டா இந்தியக் கோடையில் துப்பாக்கியை வருத்தியதால், வெப்பநாடுகளுக்கெனக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களை ஆங்கில நிறுவனங்கள் தனியே விற்றன. பழனி மலையில் இவ்வேறுபாட்டை ஒரே நாளில் கடக்கலாம். மார்கழிக் குளிரில் கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினாலே வெப்பநிலை வெகுவாக ஏறிவிடும்; சித்திரை வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. மேலே பார்த்துத் தேர்ந்த உச்ச அளவு கீழே ஊறு விளைவிக்கக்கூடும்.

பயனர் செய்யும் மேம்பாடுகள்

மீள்நிரப்பலில் நேரும் விபத்துகளுள் மிகக் கொடியது ஓர் உறையில் இருமுறை மருந்து விழுவது. கரிமருந்துக் காலத்தில் இது நடப்பது அரிது. கரிமருந்து உறையை ஏறக்குறைய நிறைத்துவிடும். இரண்டாம் முறை இட்டால் வழிந்து மேசையில் கொட்டும். புகையற்ற மருந்தோ செறிவு மிக்கது. கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் சரியான அளவு உறையின் பாதியைக்கூட எட்டாது. இரட்டிப்பாக விழுந்தாலும் வெளியே தெரியாது. துப்பாக்கி பிளந்து கை போகும். மருந்து மேம்பட்டதால் பழைய இயற்கையான எச்சரிக்கை மறைந்தது என்பதே இதன் பொருள். பயனர்கள் அழுத்தியில் செய்யும் நல்ல மாற்றங்களில் பல, மறைந்த அந்த எச்சரிக்கையை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவருபவை.

அவற்றுள் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் விளக்கு. அழுத்தியின் சட்டத்துக்கு உட்புறம் சிறு ஒளிகாலும் இருமுனைய விளக்குப் பட்டை ஒன்றை ஒட்டி, வெளிச்சம் உறையின் வாய்க்குள் நேரே விழுமாறு செய்வர். சட்டத்தின் நிழல் எப்போதும் உறையின் மேலேயே விழுவதால், அறை விளக்கு எவ்வளவு பெரிதாயினும் இக்குறை தீராது. சிலர் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இருக்கையிலிருந்தபடியே மருந்தின் மட்டத்தைப் பார்க்கின்றனர். ஒவ்வோர் உறையிலும் மட்டத்தைத் தொட்டுப் பார்த்து, கூடினாலும் குறைந்தாலும் ஒலி எழுப்பும் அச்சு கடைகளில் கிடைக்கின்றது. ஆயினும் கண்ணால் பார்ப்பதற்கு அது துணையே அன்றி மாற்று அல்ல.

அடுத்தது பொருத்துமிடம். மேசை ஆடினால் கைப்பிடியின் விசையில் ஒரு பகுதி மேசையை வளைப்பதில் போய்விடும். எரிமூட்டி இருக்கையில் சரியாக அமர்ந்ததா என்பது கைக்குத் தெரியாது. இதற்காக மேசைப் பலகையின் அடியில் எஃகுத் தகடு வைத்து மறையாணிகளை ஊடுருவச் செலுத்துவதும், மேசையின் பின்புறத்தைச் சுவரோடு பிணைப்பதும் வழக்கம். ஈரப்பதம் மிக்க இடங்களில் மரப்பலகை உப்பிச் சுருங்குவதால் மரையாணிகள் நாளடைவில் தளரும். அவற்றை அவ்வப்போது இறுக்கவேண்டும். எஃகுக் கோணச் சட்டங்களால் அழுத்தியைச் சுமார் ஓரடி உயர்த்துவதும் நன்று. நிமிர்ந்து நின்று இழுக்கலாம். உறையின் வாய் கண் மட்டத்துக்கு அருகே வரும்.

பழைய எரிமூட்டிகளைச் சேர்க்கும் வழி பலர் கை வைக்கும் இடம். பல அழுத்திகளில் அவை சிறு தட்டில் விழுந்து, தவறித் தரையிலும் உருளும். அவற்றின் கரியில் ஈயச் சேர்மங்கள் உண்டு. அத்தூள் கை வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் அது சிறு தீங்கன்று. நெகிழிக் குழாய் ஒன்றை உந்துதண்டின் அடியில் மாட்டி, மூடியில் துளையிட்ட புட்டிக்குள் விடுவதால் தூள் பறப்பது பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்து ரூபாய்க் குழாயில் கிடைக்கும் இப்பயன் விலையுயர்ந்த துணைக்கருவிகள் பலவற்றில் கிடைப்பதில்லை.

குண்டு உறையின் அச்சுக்கோட்டில் நேராக அமர்வது சுடுதலின் துல்லியத்துக்கு இன்றியமையாதது. அச்சின் பூட்டுவளையத்துக்கு அடியில் மெல்லிய இரப்பர் வளையம் ஒன்றை இட்டால், அச்சு இம்மியளவு அசைந்து உறையோடு தானே நேராகிக்கொள்ளும். இறுக்கிப் பிடிப்பதே துல்லியம் என்னும் எண்ணத்துக்கு இது எதிராகத் தோன்றினாலும், மரையிலுள்ள சிறு சாய்வு உறைக்குக் கடத்தப்படாமல் தடுப்பதால் பயன் தருகின்றது.

கைப்பிடியின் குமிழை எடுத்துவிட்டு, உருளைத் தாங்கியில் சுழலும் பிடியைக் கடைந்து பொருத்துவோர் உண்டு. நூற்றுக்கணக்கில் இழுப்பவரின் மணிக்கட்டு நோகாது. உறைகளுக்கான கிண்ணங்கள், புனல்கள், தாங்கிகள் முதலியவற்றை 2010களிலிருந்து பலர் முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துகொள்கின்றனர்.

செய்யத்தகாத மாற்றங்கள்

எல்லா மாற்றமும் மேம்பாடு ஆவதில்லை. கைப்பிடியின் மேல் குழாய் செருகி நீளமாக்குவது முழங்கை இணைப்பின் ஊசிகளை வளைக்கும். அதைவிடக் கேடானது, உறை அச்சில் சிக்கியது என்னும் செய்தியைக் கைக்கு எட்டவிடாமல் செய்வது.

தொடர்நிலை அழுத்திகளில் எரிமூட்டிகள் குழாயொன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒன்று நசுங்கி வெடித்தால் அடுக்கு முழுவதும் ஒரு நொடிக்குள் வெடிக்கும். குழாயைச் சூழ்ந்துள்ள கனத்த எஃகுக் கவசம் அந்த வெடிப்பை மேல்நோக்கி விடுவதற்காக வைக்கப்பட்டது. பார்வையை மறைக்கின்றது என்று அதனைக் கழற்றுவோரும், மெல்லிய நெகிழிக் குழாயால் மாற்றுவோரும் உண்டு. மின்னோடி பொருத்துவதும் இதே வகைத் தவறாக முடியலாம். எரிமூட்டி குறுக்கே நிற்பதைக் கை உணர்ந்து நிற்கும். முறுக்குவிசை வரம்பு இல்லாத மின்னோடி உணராமல் நசுக்கிவிடும்.

இந்தியாவில் சட்டநிலை

பிரித்தானியர் ஆட்சியில் 1878 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மலைவாழ் ஐரோப்பியரின் வேட்டை மேசைகளில் மீள்நிரப்பு கருவிகள் இடம்பெறத் தடையில்லாதிருந்தது இவ்விலக்கினால்தான்.

இன்று நடைமுறையிலுள்ளது 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். இதன் 2 ஆம் பிரிவு வெடிபொருளை வரையறுக்கும்போது, துப்பாக்கிக்கான மருந்து நிரப்புகளையும் வெடிபொருளின் உறுப்புகளையும் மட்டுமன்றி, வெடிபொருளைச் செய்யும் பொறிகளையும் அதற்குள் அடக்குகின்றது. ஆகவே வெறும் இரும்பும் நெம்புகோலுமான அழுத்தி, அருகில் ஒரு குன்றிமணி மருந்து இல்லாவிட்டாலும், வரையறைப்படி வெடிபொருளே. 5 ஆம் பிரிவின்படி உரிமமின்றி வெடிபொருள் செய்வது குற்றம். 2019 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இக்குற்றத்துக்கான தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. வாழ்நாள் சிறை வரையும் நீளலாம். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பது அதற்கான தோட்டாவைச் செய்யும் உரிமையைத் தருவதில்லை. உரிமக்காரர்கள் தோட்டாவைக் கடையில் வாங்குகின்றனர். புனேயை அடுத்த கட்கியில் 1869 முதல் இயங்கும் வெடிபொருள் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாக்கள் அவ்வாறு விற்கப்பட்டவை.

இதே சட்டத்தின் 13 ஆம் பிரிவு உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வழங்க இடமளிக்கின்றது. மலைக் காய்கறியும் வாழையும் பயிரிடும் ஊர்களில் காட்டுப்பன்றியும் காட்டுமாடும் பயிரில் இறங்குவது இன்றும் உழவர்களின் தீராத் தொல்லை. எனினும் அவ்வுரிமம் வேட்டைக்கான இசைவு அல்ல. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கின்றது. 2013 இல் கொடைக்கானல் காட்டுயிர் உய்விடம் அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் காடு அதன் எல்லைக்குள் வந்தது.

இவ்வாறு, ஹாமில்டன் பணியில் சேர்ந்தபோது வழக்கிலிருந்த வாய்வழித் துப்பாக்கியே மலை உழவருக்குச் சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கும் துப்பாக்கியாக இருக்கின்றது. அதற்கு உறையும் இல்லை, அச்சும் இல்லை, அழுத்தியும் வேண்டியதில்லை. உரிமமின்றிச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கிகளும் பெரும்பாலும் இதே அமைப்பினவே. நீர்க்குழாயையொத்த குழாய்களில் கரிமருந்தும் பால்ரஸ் எனப்படும் இரும்புக் குண்டுகளும் இட்டு இடிக்கப்படுவதால், அவை சுடுபவரின் முகத்திலேயே வெடிப்பதும் உண்டு.